சாவி யார் கையில்?

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டிருக்கும் விஷயம், கிளவுட் என்று சொல்லப்படும் இடத்தில் நாம் வைக்கிற கடிதம், படம், பத்திரம், கணக்கு முதலியவைகளுக்கு முனைக்கு முனைப் பூட்டு, அதாவது எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் என்கிறார்களே அது, எதற்காக வேண்டும் என்பதாகும். இதைக் கேட்டவுடன் சில தோழர்களுக்கு, "சாதி ஒழிப்பு, மூடநம்பிக்கை ஒழிப்பு, பெண் விடுதலை ஆகியவைகளைப் பேச வேண்டிய மேடையில் கம்ப்யூட்டர் சங்கதி எதற்கு?" என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

சுயமரியாதை என்று நாம் சொல்லுவதன் கருத்து என்ன? ஒரு மனிதன் தன் அறிவையும், தன் உடைமையையும், தன் அந்தரங்கத்தையும் இன்னொருவன் காலடியில் வைத்துவிட்டு, "எஜமானே, நீங்கள் பார்த்து நடத்துங்கள்" என்று கைகட்டி நிற்கக்கூடாது என்பதுதானே? மோட்சத்தின் சாவி புரோகிதன் கையில் இருக்கிறது என்று நம்பினதால் நம் மக்கள் எத்தனை தலைமுறை மானத்தையும் பொருளையும் இழந்தார்கள் என்பதை நாம் ஊர் ஊராய்ச் சொல்லி வருகிறோம். இல்லாத மோட்சத்தின் இல்லாத சாவிக்கே அவ்வளவு ஆதிக்கம் இருந்ததென்றால், உண்மையாகவே உள்ள நம் கடிதங்களுக்கும் படங்களுக்கும் உள்ள உண்மையான சாவி இன்னொருவன் இடுப்பில் தொங்குமானால், அவனுக்கு நம்மீது எவ்வளவு ஆதிக்கம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே இது நம் மேடைக்கு உரிய விஷயமே என்பது என் அபிப்பிராயம்.

மேகம் எங்கே இருக்கிறது?

முதலாவது, இந்தப் பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். கிளவுட் என்றால் மேகம். "உங்கள் படங்களெல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கின்றன" என்கிறார்கள். கேட்கிறவனுக்கு என்ன தோன்றும்? ஏதோ ஆகாயத்தில், மனிதன் கை எட்டாத இடத்தில், களவும் சேதமும் இல்லாத ஒரு லோகத்தில் இருப்பதாகத் தோன்றும். கைலாயம், வைகுண்டம் என்று மேலே காட்டியே பழக்கப்பட்ட நமக்கு இது சுலபத்தில் மனதில் ஏறிவிடுகிறது. ஆனால் சங்கதி என்னவென்றால், மேகமும் இல்லை, ஆகாயமும் இல்லை. ஏதோ ஓர் ஊரில், நாலு சுவருக்குள், குளிர்சாதனம் வைத்த பெரிய கொட்டகையில் அடுக்கடுக்காக நிற்கும் கம்ப்யூட்டர்களே அந்த மேகம். அதற்கு ஒரு முதலாளி உண்டு. கரண்ட் இல்லாவிட்டால் அது நின்று போகும். நெருப்புப் பிடித்தால் எரிந்து போகும். 2021-ஆம் வருஷம் மார்ச் மாதம் 10-ந் தேதி, பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற கம்பெனியின் இப்படிப்பட்ட கட்டிடம் ஒன்று தீப்பிடித்து அழிந்தது. அதில் வைத்திருந்ததற்கு வேறு பிரதி வைத்துக் கொள்ளாதவர்கள் தங்கள் சரக்கை இழந்தார்கள். எனவே மேகம் என்ற வார்த்தையைத் தள்ளிவிட்டு, "இன்னொருவனுடைய கம்ப்யூட்டர்" என்று சொல்லிப் பழகுங்கள். பாதி மயக்கம் அப்போதே தெளிந்துவிடும்.

பூட்டு உண்டு, சாவி யாரிடம்?

சரி, இன்னொருவனுடைய கம்ப்யூட்டரில் வைக்கிறோம். "நாங்கள் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம்" என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அது பொய்யல்ல. உங்கள் போனிலிருந்து அவர்கள் கொட்டகைக்குப் போகும் வழியிலும் பூட்டு உண்டு; அங்கே தட்டில் கிடக்கும்போதும் பூட்டு உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்தப் பூட்டின் சாவி கம்பெனியிடமே இருக்கிறது. இன்னும் விளங்கும்படியாகச் சொல்ல வேண்டுமானால், உங்கள் நெல்லை மிராசுதாரர் களஞ்சியத்தில் கொட்டி, அவரே பூட்டி, சாவியை அவர் இடுப்பிலேயே சொருகிக் கொண்டு, "பார், எவ்வளவு பெரிய பூட்டு!" என்று உங்களுக்குக் காட்டுவது போலாகும். பூட்டு திருடனைத் தடுக்கும். சாவி வைத்திருப்பவரை எது தடுக்கும்?

சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான பரீட்சை சொல்லுகிறேன். நீங்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்கள். வேறு எந்தச் சாவியும் எழுதி வைக்கவில்லை. கம்பெனிக்குத் தெரிவித்தால், அவர்கள் புதுப் பாஸ்வேர்டு கொடுத்து உங்கள் பைல்களையெல்லாம் பழையபடியே திறந்து காட்டுகிறார்களா? காட்டினால், அவர்களிடம் சாவி இருக்கிறது என்பது நிச்சயம். சாவி இல்லாதவன் எப்படித் திறப்பான்? இந்தப் பரீட்சைக்குப் படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

அவர்கள் ஏன் சாவியை வைத்துக் கொள்ளுகிறார்கள்? எல்லாம் கெட்ட எண்ணத்தால் என்று நான் சொல்லவில்லை. மறதிக்காரனுக்கு உதவலாம், "போன வருஷம் பிள்ளை பிறந்தநாள் படம்" என்று கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கலாம், பிறரோடு சேர்ந்து ஒரே காகிதத்தில் எழுத விடலாம். இவை சௌகரியங்கள்தான். ஆனால் சௌகரியத்திற்குக் கொடுத்த சாவி சௌகரியத்திற்கு மாத்திரமே உபயோகப்படும் என்பதற்கு என்ன ஜாமீன்? அனுபவம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

2010-ஆம் வருஷத்தில், தங்கள் இஞ்சினீயர் ஒருவர் உபயோகிப்பாளர்களின் கணக்குகளைத் திறந்து பார்த்தார் என்று கூகிள் கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கிற்று. அதைக் கம்பெனியே ஒப்புக் கொண்டது. 2011-ஆம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, டிராப்பாக்ஸ் என்ற கம்பெனியில் ஏற்பட்ட ஒரு கோளாறால், சுமார் 4 மணி நேரம் எந்தக் கணக்கையும் எந்தப் பாஸ்வேர்டைப் போட்டும் திறக்கலாம் என்ற நிலைமை இருந்தது. பூட்டு தொங்கிற்று, ஆனால் எந்தச் சாவியைப் போட்டாலும் திறந்தது! 2013-ஆம் வருஷத்தில் எட்வர்ட் ஸ்னோடன் என்பவர் அமெரிக்க உளவு இலாகாவான என்.எஸ்.ஏ.யின் தஸ்தாவேஜுகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அவைகளிலிருந்து, கூகிள், யாஹூ ஆகிய கம்பெனிகளின் கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடையே ஓடுகிற கம்பிகளிலேயே காது வைத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பது அவ்வருஷம் அக்டோபரில் வெளியாயிற்று. வாசலில் பூட்டு இருந்தது. கொல்லைப்புறம் திறந்து கிடந்தது.

இன்னொரு சங்கதி கேளுங்கள். 2021-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தகப்பனார், தன் சின்னக் குழந்தைக்கு நோய் கண்டு, வைத்தியருக்குக் காட்டுவதற்காக நோயுற்ற இடத்தைப் போனில் படம் பிடித்தார். அந்தப் படம் தானாகவே கூகிள் கிளவுடுக்குப் போயிற்று. அங்கே படங்களைச் சோதிக்கும் யந்திரம், இவர் குழந்தையைக் கெடுக்கும் பாதகர் என்று முடிவு கட்டிற்று. அவருடைய கணக்கு மூடப்பட்டது. பல வருஷத்துக் கடிதங்கள், குழந்தையின் படங்கள், போன் நம்பர் முதற்கொண்டு போயின. போலீசார் விசாரித்து, குற்றம் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். அப்படியும் கம்பெனி கணக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை வெளியிட்டது. போலீசார் நிரபராதி என்று சொன்ன பிறகும் ஒரு மனிதனைத் தண்டிக்கிற அதிகாரம் ஒரு வியாபாரிக்கு எங்கிருந்து வந்தது? சாவி அவனிடம் இருந்ததிலிருந்துதான் வந்தது.

மந்திரம் அல்ல, கணக்கு

இதற்குப் பரிகாரமாக விஞ்ஞானிகள் கண்ட வழிதான் முனைக்கு முனைப் பூட்டு. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. உங்கள் பைல் உங்கள் போனை அல்லது கம்ப்யூட்டரை விட்டு வெளியே கிளம்புவதற்கு முன்பே, உங்கள் கையிலிருக்கும்போதே, ஒரு கணக்கின் மூலம் உருத்தெரியாமல் கலைக்கப்படுகிறது. அந்தக் கலைப்புக்குச் சாவி என்பது ஒரு பெரிய எண். அந்த எண் தெரிந்தவன் பழையபடி சேர்த்துப் படிக்கலாம். தெரியாதவனுக்கு வெறும் குப்பை. அந்த எண்ணும் உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உண்டாக்கப்பட்ட இன்னொரு சாவியால் பூட்டப்படுகிறது. கம்பெனிக்குப் போவது பூட்டின பெட்டி மாத்திரமே. அவர்கள் அதை வைத்துக் காப்பாற்றலாம், கேட்டால் திருப்பிக் கொடுக்கலாம், திறக்க முடியாது. கூலிக்கு மூட்டை சுமக்கிறவர், மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

"எண்தானே, ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தால் என்ன?" என்பீர்கள். உலகமெங்கும் வழங்கும் ஏ.இ.எஸ். என்ற முறையில் மிகச் சிறிய சாவிக்கே இருக்கக்கூடிய எண்களின் தொகை 39 இலக்கம் கொண்டது. ஒரு விநாடிக்கு லட்சம் கோடி சாவி வீதம் முயன்றாலும், முழுவதையும் முயன்று முடிக்க, இந்தப் பிரபஞ்சத்தின் வயதாகிய சுமார் 1380 கோடி வருஷத்தைப் போல் பல கோடி மடங்கு காலம் பிடிக்கும். நம் புராணக்காரர்கள் யுகக் கணக்குச் சொன்னார்களே, அதைப் போல வாய்க்கு வந்த எண்ணல்ல இது. பள்ளிக்கூடப் பிள்ளையும் பெருக்கி வகுத்துச் சரிபார்த்துக் கொள்ளக்கூடிய எண்.

மறைத்த வேதமும் மறைக்காத கணக்கும்

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் சொல்லப் போவதுதான். வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்டால், அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்ற வேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லுகிறது. ஏன் அவ்வளவு பயம்? கேட்டால் கேள்வி கேட்பான். கேள்வி கேட்டால் புரட்டு வெளிப்பட்டுப் போகும். மறைத்து வைத்தால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் இந்தப் பூட்டு சாஸ்திரத்தின் தத்துவம் இதற்கு நேர் விரோதமானது. 1883-ஆம் வருஷத்தில் ஆகுஸ்த் கெர்க்காப்ஸ் என்ற மொழி ஆசிரியர், ராணுவ ரகசிய எழுத்தைப் பற்றிப் பிரெஞ்சு பாஷையில் எழுதும்போது ஒரு விதி சொன்னார். அதன் கருத்து என்னவென்றால், பூட்டின் அமைப்பு முழுவதும் விரோதியின் கைக்குப் போனாலும் கேடு வரக்கூடாது. சாவி ஒன்று மாத்திரம் ரகசியமாக இருந்தால் போதும் என்பதாகும்.

அந்த விதிப்படியே காரியங்கள் நடந்தன. அமெரிக்க சர்க்காரின் அளவு, தர நிர்ணய இலாகா 1997-ல், புதிய பூட்டு முறை ஒன்று வேண்டும் என்று உலகத்துக்கெல்லாம் பகிரங்கமாக அறிவித்தது. 15 முறைகள் போட்டிக்கு வந்தன. ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்கும்படி எல்லாத் தேசத்து விஞ்ஞானிகளும் அழைக்கப்பட்டார்கள். போட்டிக்காரர்களே ஒருவர் முறையில் மற்றொருவர் ஓட்டை தேடினார்கள். கடைசியில் 2000-ல் தேறியது, யோவான் டாமென், வின்சென்ட் ரைமென் என்ற இரண்டு பெல்ஜியம் தேசத்தவர் செய்த முறை. அதுவே 2001-ல் ஏ.இ.எஸ். என்று பெயர் பெற்றது. அன்னிய தேசத்தார் செய்தது என்று தள்ளவும் இல்லை. பெரியவர்கள் சொன்னது என்று ஏற்கவும் இல்லை. எல்லோரும் அடித்துப் பார்த்தும் உடையாதது எதுவோ அதை ஏற்றார்கள். தோழர்களே! ஒரு மத ஆசாரியனாவது தன் சாஸ்திரத்தை இப்படி நடுத்தெருவில் வைத்து, "வாருங்கள், உடைத்துப் பாருங்கள்" என்று சொன்னதுண்டா?

பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது

நிற்க, இதனால் முனைக்கு முனை என்று யார் பலகை எழுதி மாட்டினாலும் விழுந்து கும்பிடலாம் என்று அர்த்தமல்ல. பழைய சாமியை விட்டுப் புதுச் சாமியைப் பிடிப்பதற்கு நாம் இயக்கம் நடத்தவில்லை. மெகா என்ற கம்பெனி 2013-ல் ஏற்பட்டது முதல், உபயோகிப்பாளர் சரக்கை எங்களாலேயே திறக்க முடியாது என்று சொல்லி வந்தது. 2022-ல் ஸ்விட்சர்லாந்தில் உள்ள ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்து, அந்தக் கம்பெனியோ, அதன் கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றியவனோ முயன்றால் உபயோகிப்பாளரின் சாவியைக் கறந்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். கம்பெனியும் திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. 2024-ல் அதே பல்கலைக் கழகத்தார் சிங்க், பீ-கிளவுட், ஐஸ்டிரைவ், சீபைல், டிரெசோரிட் என்ற ஐந்தையும் சோதித்ததில், முதல் நான்கில் கடுமையான குறைகளும், ஐந்தாவதில் சில்லறைக் குறைகளும் கண்டார்கள். சிலவற்றில், கொட்டகையைக் கைப்பற்றியவன் உங்கள் சாவிக்குப் பதிலாகத் தன் சாவியைச் சொருகிவிடலாம். நீங்களும் அதனாலேயே உங்கள் பைலைப் பூட்டி அனுப்பிக் கொண்டிருப்பீர்கள். ஏ.இ.எஸ். உடையவில்லை; அதை வைத்துக் கட்டின கதவின் சட்டம் ஆடிற்று.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். சாவி எங்கே உண்டாகிறது, யாரிடம் தங்குகிறது? பூட்டின் அமைப்பு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறதா? கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் சோதித்திருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவன் எவ்வளவு பெரிய கம்பெனியானாலும், அவன் சொல்லுவது தல புராணம்.

ஆட்சேபணையும் சமாதானமும்

"நான் யோக்கியன், மறைக்க என்ன இருக்கிறது?" என்பது முதல் ஆட்சேபணை. யோக்கியன் வீட்டுக்குக் கதவு இல்லையா? நீங்கள் மகளுக்கு எழுதும் கடிதத்தைச் சாவடியில் ஒட்டி வைப்பீர்களா? அன்றியும், மறைக்க வேண்டிய அவசியம் நம் குற்றத்தால்தான் ஏற்படும் என்பது தப்பு. பிறருடைய அக்கிரமத்தாலும் ஏற்படும். சாதி விட்டுச் சாதி கலியாணம் செய்து கொள்ள நினைக்கிற ஓர் ஆணையும் பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் செய்வது குற்றமா? நாம் போற்றுகிற காரியம். ஆனால் அவர்கள் எழுதிக் கொண்ட கடிதமும், எடுத்துக் கொண்ட படமும், தங்கியிருக்கும் வீட்டு வாடகைச் சீட்டும் சாதி வெறியர்கள் கைக்குப் போனால், இந்த நாட்டில் அவர்கள் உயிருக்கே ஜவாப்தாரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதலாளிக்குத் தெரியாமல் சங்கம் சேர்க்கிற தொழிலாளிக்கும், லஞ்சக் கணக்கை வெளியிட நினைக்கிற குமாஸ்தாவுக்கும் இதே கதிதான். ஆகையால் "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்கிறவர், மறைக்காவிட்டால் சாக வேண்டியவர்களையும் சேர்த்துக் காட்டிக் கொடுக்கிறார்.

"பாதகர்களும் இந்தப் பூட்டைப் போட்டுக் கொள்ளுவார்களே?" என்பது இரண்டாவது. இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். போட்டுக் கொள்ளுவார்கள். குழந்தைகளை நாசமாக்கும் கொடியவர்களும் போட்டுக் கொள்ளுவார்கள். கம்பெனி படங்களைச் சோதிப்பதால் அப்படிப்பட்டவர்களில் சிலர் அகப்பட்டதும் உண்டு. ஆனால் அதற்குப் பரிகாரம், சந்தேகப்பட்ட ஆளைப் பற்றிக் கோர்ட்டில் வாரண்டு வாங்கி அவன் வீட்டைச் சோதிப்பதா, அல்லது ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே கள்ளச்சாவி செய்து ஓர் ஆணியில் மாட்டி வைப்பதா? "நல்லவர்கள் மாத்திரமே அந்தச் சாவியை எடுப்பார்கள்" என்கிறார்கள். 2004, 2005 வருஷங்களில் கிரீஸ் தேசத்தில், போலீசார் சட்டப்படி ஒட்டுக் கேட்பதற்கென்று டெலிபோன் யந்திரத்தில் இருந்த ஏற்பாட்டையே திருட்டுத்தனமாய் உபயோகித்து, பிரதம மந்திரி உள்பட சுமார் 100 பேர்களுடைய பேச்சை யாரோ கேட்டுக் கொண்டிருந்தார்கள். 2024-ல் அமெரிக்க டெலிபோன் கம்பெனிகளுக்குள், சீன தேசத்தைச் சேர்ந்தவர்கள் என்று அமெரிக்க சர்க்கார் சொல்லுகிற கூட்டத்தார் நுழைந்தார்கள். கோர்ட்டு உத்தரவுப்படி ஒட்டுக் கேட்பதற்கென்று வைத்திருந்த ஏற்பாடும் அதில் அகப்பட்டது. அதுவரையில் பூட்டுக்கு எதிராய்ப் பேசி வந்த சர்க்கார் இலாகாக்களே, "முனைக்கு முனைப் பூட்டு உள்ளதை உபயோகியுங்கள்" என்று அவ்வருஷம் டிசம்பரில் புத்தி சொல்ல வேண்டியதாயிற்று. கதவுக்கு நல்லவன் கை, கெட்டவன் கை என்று தெரியாது.

பிரிட்டனில் நடந்தது

இந்தப் பூட்டுக்காக நடக்கும் போராட்டம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட ஒரு விஷயம் போதும். ஆப்பிள் கம்பெனி 2022 டிசம்பரில், தன் ஐகிளவுடில் வைக்கும் படம், பைல், போன் பிரதி ஆகியவைகளுக்கும் முனைக்கு முனைப் பூட்டை, வேண்டுமென்று கேட்பவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு முன் 14 வகைச் சரக்குக்கு இருந்த இந்தப் பூட்டு 23 வகைக்கு ஆயிற்று. தபால், விலாசம், காலண்டர் இவைகளுக்கு மாத்திரம் இல்லை. 2025 ஆரம்பத்தில் பிரிட்டிஷ் சர்க்கார், 2016-ஆம் வருஷத்து விசாரணை அதிகாரச் சட்டத்தின்படி, இந்தப் பூட்டுப் போட்ட சரக்கையும் தாங்கள் பெற வழி வேண்டுமென்று ஆப்பிளுக்கு ஒரு நோட்டீசு விட்டதாகப் பிப்ரவரியில் பத்திரிகைகள் வெளியிட்டன. அந்தச் சட்டப்படி, நோட்டீசு வந்தது என்று கம்பெனி வெளியே சொல்லவும் கூடாது! 2025 பிப்ரவரி 21-ந் தேதி, கள்ளச்சாவி செய்வதைவிடப் பூட்டையே எடுத்துவிடுகிறோம் என்று, பிரிட்டனில் புதிதாக யாருக்கும் அதைக் கொடுப்பதை ஆப்பிள் நிறுத்திவிட்டது. வழக்கு விசாரணைக் கோர்ட்டுக்குப் போயிற்று. வழக்கின் அடிப்படை விவரத்தையாவது ரகசியமாக வைக்க வேண்டுமென்று சர்க்கார் கேட்டதை அந்தக் கோர்ட்டு ஏப்ரலில் தள்ளிவிட்டது. ஆகஸ்டில், பிரிட்டன் அந்தக் கோரிக்கையை விட்டுவிடச் சம்மதித்தது என்று அமெரிக்க உளவுத் தலைவர் சொன்னார். அக்டோபரில், பிரிட்டிஷ் ஜனங்கள் சரக்குக்கு மாத்திரம் என்று புது நோட்டீசு போயிருப்பதாகச் செய்தி வந்தது. ஜனநாயகத்தின் தாய் என்று சொல்லப்படுகிற தேசத்தின் கதை இது.

நம் நாட்டிலும் 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு, முறைப்படி உத்தரவு வந்தால் பூட்டைத் திறக்க உதவ வேண்டும், மறுத்தால் 7 வருஷம் வரை சிறை என்கிறது. "அப்படியானால் சாவி நம்மிடம் இருந்து என்ன லாபம்?" என்று கேட்கலாம். லாபம் பெரிது. சாவி கம்பெனியிடம் இருந்தால், உத்தரவு அவர்களுக்குப் போகும், அவர்கள் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்குச் சேதியே தெரியாது. சாவி உங்களிடம் இருந்தால், உத்தரவு உங்கள் வாசலுக்கு வர வேண்டும். நீங்கள் படிக்கலாம், வக்கீலைப் பார்க்கலாம், கோர்ட்டில் வாதாடலாம். அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி 9 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு சொல்லியிருக்கிறது. அந்த உரிமையை எடுத்துப் பேச, நம் வீட்டுக்கு ஆள் வருகிறான் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா? இந்தப் பூட்டு யாரையும் சட்டத்துக்கு மேற்பட்டவனாக்காது. சட்டம் கொல்லைப்புறமாய் நுழையாமல் தலைவாசலைத் தட்டும்படி செய்யும். அவ்வளவுதான் நாம் கேட்பது.

உரிமையும் பொறுப்பும்

இனி, இதிலுள்ள கஷ்டத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாவி உங்களிடம் என்றால், தொலைத்தால் தொலைத்ததுதான். கம்பெனி வாசலில் அழுதாலும் திறக்க ஆளில்லை. சாமி மேல் பாரத்தைப் போட்டவனுக்குக் கவலையில்லை என்பார்கள். தன் காலில் நிற்பவனுக்குக் கவலை உண்டு, கௌரவமும் உண்டு. ஆதலால் சாவியைக் காகிதத்தில் எழுதி, இரண்டு இடத்தில், நம்பிக்கையான இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டு உங்கள் பேரும் பிறந்த வருஷமுமாக இருந்தால், 39 இலக்கத்துப் பூட்டு போட்டும் பிரயோஜனமில்லை. சம்பந்தமில்லாத ஐந்தாறு வார்த்தைகளைச் சேர்த்து நீளமாக வையுங்கள். கம்பெனி பூட்டுக் கொடுக்காவிட்டால் நீங்களே பூட்டி அனுப்பலாம். ஜெர்மனியில் செய்த கிரிப்டோமேட்டர் போன்ற, அமைப்பை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கும் கருவிகள் உண்டு. அவை பைலை உங்கள் கையிலேயே பூட்டி, பிறகுதான் எந்தக் கொட்டகைக்கும் அனுப்பும். ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் வைத்துக் கொள்ளுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் தீயை மறக்க வேண்டாம்.

இந்தப் பூட்டால் ஆகாத காரியமும் உண்டு. பெட்டிக்குள் இருப்பது தெரியாதே ஒழிய, எவ்வளவு பெரிய பெட்டி, எந்நேரம் வந்தது, யாருக்குப் போயிற்று என்பது பல இடங்களில் கம்பெனிக்குத் தெரியும். திறந்து கிடக்கும் போன் இன்னொருவன் கையில் இருந்தால், கிளவுடில் பூட்டு இருந்து பயனில்லை. எத்தனையோ வீடுகளில் மனைவியின் போன் பாஸ்வேர்டு புருஷனுக்குத் தெரிந்தாக வேண்டும். புருஷனுடையதை மனைவி கேட்கக்கூடாது. இந்த அக்கிரமத்துக்கு ஏ.இ.எஸ். என்ன செய்யும்? அதற்கு வேண்டியது கணக்கு அல்ல, சுயமரியாதை. தாய்மார்களே, உங்கள் சாவி உங்களிடமே இருக்கட்டும். கேட்பவர் யாரானாலும், "உங்களுடையதை முதலில் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். (சிரிப்பு)

தோழர்களே! நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக் கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் படமும் பத்திரமும் எந்தக் கம்பெனியின் கொட்டகையில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நீங்களே பரீட்சை செய்து பாருங்கள். தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு மூன்று கேள்விக்கும் பதில் தேடுங்கள். பதில் கிடைத்த பிறகும் சாவி அவர்களிடமே இருக்கட்டும் என்று உங்கள் அறிவுக்குத் தோன்றினால் அப்படியே செய்யுங்கள்; அது உங்கள் இஷ்டம். ஆனால் கேட்காமலே, தெரியாமலே, மேகம் என்ற பெயரைக் கண்டு மயங்கி, சாவியை இன்னொருவன் இடுப்பில் சொருகிவிட்டு நிற்பது மாத்திரம் மானமுள்ள மனிதனுக்கு அழகல்ல என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.